நகரத்தின் முதுகும் மொட்டை மாடியும்

மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது பொம்மை ரயில் ஓட மேசைமேல் கட்டுகிற சின்ன உலகத்தில், மலை செய்வது சுலபம். ஃபோம் பலகைகளை அடுக்கி, கத்தியால் செதுக்கி, பிளாஸ்டர் பூசி, மேலே பச்சைத் தூளைத் தூவிவிட்டால் முடிந்தது. இந்த மலை அளவு தப்பு என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. நகரம் அப்படி விடாது. கதவு எவ்வளவு உயரம், நடைபாதை எவ்வளவு அகலம், பேருந்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் அவர் தலை எங்கே வரைக்கும் வரும் என்பதெல்லாம் பார்க்கிற எல்லோருக்கும் அளக்காமலேயே தெரியும். கொஞ்சம் பிசகினாலும் "ஏதோ பொம்மை மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார்கள். எங்கே பிசகு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் இப்போது எச்.ஓ. என்ற அளவில் அமைந்த என்னுடைய லேஅவுட்டின் ஒரு பக்கத்தில் நகரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கட்டடங்கள் இன்னும் வெறும் அட்டையாகத்தான் நிற்கின்றன. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் முடிவாக ஒரு கருத்து வந்துவிட்டது: லேஅவுட்டில் இருக்கிற நகரத்துக்கு முகம் அவ்வளவு முக்கியமில்லை, முதுகும் உச்சந்தலையும்தான் முக்கியம். கட்டடக் கிட் (துண்டுகளாக வாங்கி நாமே ஒட்டிக்கொள்வது) வாங்கும்போது நாம் எல்லோருமே பெட்டிமேல் இருக்கிற முன்பக்கப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கடைக் கண்ணாடி, பால்கனிக் கம்பி, வாசல் தூண் என்று அதற்கே பாதி உழைப்பு போய்விடுகிறது. கொண்டுபோய் லேஅவுட்டில் வைத்தபிறகு கண்ணில் படுவதோ பெரும்பாலும் மொட்டை மாடியும், தண்டவாளத்தைப் பார்த்த பின்சுவரும்தான்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். எச்.ஓ. என்பது நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு. மேசை தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், நிற்கிறவருடைய கண் சுமார் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் தெருவுக்கும் நடுவே 60 செ.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 52 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட பதினைந்தாவது மாடியிலிருந்து ஊரைப் பார்ப்பது. அதே மேசையில் 'என்' ஸ்கேல் ஓடினால், அது 160-இல் ஒரு பங்கு என்பதால், 96 மீட்டர் உயரம் ஆகிவிடும். அந்த உயரத்தில் நின்றால் கடை வாசலின் வேலைப்பாடு எங்கே தெரியப்போகிறது? மேசையை 1.3 மீட்டருக்கு உயர்த்தினால் எச்.ஓ.வில் 26 மீட்டர், ஏழெட்டு மாடி உயரம். நகரப் பகுதியை மட்டுமாவது இப்படி உயர்த்திக் கட்டுவதை நான் பலமாகச் சிபாரிசு செய்வேன். அப்போதும் நாலு மாடிக் கட்டடத்தின் கூரை முழுசாகத் தெரியும், அதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

சரி, இடக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் நகரம் கட்ட உட்காருகிற எல்லோரும் முதலில் இதில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு மாடிக்கு 3.5 மீட்டர் என்று வைத்தால் எச்.ஓ.வில் 4 செ.மீ., பத்து மாடிக்கு 40 செ.மீ. இது பரவாயில்லை. ஆனால் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை, உச்சியில் இருக்கிற ஆன்டெனாவை விட்டுவிட்டு 381 மீட்டர் என்று எடுத்தாலும், எச்.ஓ.வில் 4.4 மீட்டர் வரும், வீட்டுக் கூரையைப் பெயர்த்தால்தான் நிற்கும். 'என்' ஸ்கேலிலேயே 2.4 மீட்டர். நீளமும் இதே கதைதான். நிஜத்தில் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருப் பகுதி எச்.ஓ.வில் 1.15 மீட்டர் சாப்பிடும், அப்படி நாலு வைத்தால் அறையே முடிந்துவிடும். ஆகவே சுருக்கித்தான் ஆகவேண்டும்.

எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மனித உடம்பு தொடுகிற எதையும் சுருக்கக்கூடாது. கதவு 2.1 மீட்டர் என்றால் 24 மி.மீ., அது 24 மி.மீ.தான். படிக்கட்டு, கைப்பிடி, நடைபாதை, ஜன்னலின் அடி விளிம்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். கை வைக்க வேண்டிய இடம் எண்ணிக்கைதான். வரிசைக்கு பன்னிரண்டு ஜன்னல் இருக்கிற கட்டடத்தில் ஏழு போதும். பதினாறு மாடிக் கட்டடத்தை ஒன்பது மாடியாக்கலாம், ஆனால் குறைப்பது நடுவிலிருந்துதான். தரைத்தளமும் உச்சியில் வருகிற வேலைப்பாடும் முழுசாக இருந்தால் நடுவில் ஏழு மாடி காணாமல்போனதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இதற்கு மாறாக, முழுக் கட்டடத்தையும் ஒரே விகிதத்தில் சின்னதாக்கி எச்.ஓ. தெருவில் வைத்தால் என்னதான் வண்ணம் பூசினாலும் பொம்மை வீடுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. எச்.ஓ.வில் ரொம்பப் பேர் பயன்படுத்தும் 18 அங்குல ஆரை கொண்ட வளைவு, அதாவது 45.7 செ.மீ., நிஜத்தில் 40 மீட்டர் ஆரையாகிறது. எந்த நாட்டிலும் மெயின் லைன் எக்ஸ்பிரஸ் அப்படித் திரும்பாது, தடம் புரண்டுவிடும். ஆனால் டிராம் திரும்பும். நிஜ டிராம்கள் நகரத் தெரு முனைகளில் 20 மீட்டருக்கு அருகிலான ஆரையில்கூட வளைந்து போகின்றன, எச்.ஓ.வில் அது 23 செ.மீ.தான். ஆக நகரம் கட்ட ஆசைப்படுகிற, ஆனால் இடம் இல்லாத ஆளுக்கு, எந்த ஏமாற்று வேலையும் இல்லாமல் ஸ்கேலுக்குள் அடங்குகிற ஒரே ரயில் டிராம்தான். பெரிய எஞ்சின் ஆசையை விடமுடியாதவர்கள் அந்த வளைவைக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம், நானும் அதைத்தான் செய்கிறேன்.

ரயிலையும் தெருவையும் ஒரே மட்டத்தில் வைத்தால் நகரம் தட்டையாகத் தெரியும். உயரம் பிரிக்க வேண்டும். ஆனால் ரயில் ஏறுவது சாதாரண விஷயமில்லை. எச்.ஓ.வில் ஒரு ட்ராக் இன்னொரு ட்ராக்கைத் தாண்ட சுமார் 7.5 செ.மீ. உயரம் வேண்டும், 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் ஓட்டம் தேவைப்படும். கார் ஓடுகிற தெருவுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது, 6 சதவீதம் ஏறினாலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், 1.25 மீட்டரில் அதே உயரம் கிடைத்துவிடும். அதனால் ரயிலைச் சமதளத்தில் விட்டுவிட்டு நகரத்தை ஏற்றி இறக்குவதுதான் புத்திசாலித்தனம். ரயில் பள்ளத்தில் ஓடட்டும், தெருக்கள் பாலம் போட்டுத் தாண்டட்டும். இதற்கு நிஜ உதாரணங்கள் நிறைய. நியூயார்க்கில் 1913-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள் பார்க் அவென்யூவுக்கு அடியில்தான் ஓடுகின்றன, மேலே தெருவும் பெரிய பெரிய கட்டடங்களும் இருக்கின்றன. லேஅவுட் கட்டுகிறவருக்கு அது வரம். நிலையத்தின் வாயை மட்டும் காட்டிவிட்டு, ரயில்கள் நிறுத்திவைக்கிற மிச்ச யார்டு முழுவதையும் நகரத்துக்குக் கீழே மறைத்துவிடலாம்.

ரயிலை மேலே வைத்துத்தான் தீருவேன் என்றால் செங்கல் வளைவுப் பாலம் இருக்கிறது. லண்டன்–கிரீனிச் ரயில் பாதை 1836-இல் பகுதி பகுதியாகத் திறக்கத் தொடங்கி 1838-இல் முடிந்தது, மொத்தம் 878 வளைவுகள். பெர்லினில் 1882-இல் திறந்த ஸ்டாட்பான் ரயில் பாதையும் ஊருக்கு நடுவே இதே மாதிரி வளைவுகள்மேல்தான் ஓடுகிறது, கீழே வளைவுகளுக்குள் கடைகள். ஒரு வளைவில் பழைய டயர், அடுத்ததில் மரப்பட்டறை, அதற்கடுத்தது செங்கல் வைத்து அடைத்தது என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு மீட்டர் நீளத்திலேயே ஊரின் வரலாறு வந்துவிடும். சிகாகோவில் 1897-லிருந்து ஓடுகிற லூப் என்ற உயர்மட்ட ரயில் பாதை மாதிரி இரும்புத் தூண்மேல் தெருவுக்கு நடுவே கொண்டுபோவது இன்னொரு வகை. பார்க்க அபாரமாக இருக்கும், ஆனால் தூண்களுக்கு நடுவே தெருவின் விவரம் எல்லாம் இருட்டில் போய்விடும், ஒட்டுகிற வேலையும் கண்ணைப் பிடுங்கும்.

இப்போது முதுகு. ரயில் ஊருக்குள் நுழையும்போது எந்த ஊரும் அதற்கு முகம் காட்டுவதில்லை. வாசல் எல்லாம் தெருப்பக்கம். ரயில் பார்ப்பது குழாய்கள், ஏசி பெட்டிகள், துணி காயும் கொடி, வெளிப்புற இரும்புப் படி, பிற்பாடு யாரோ உடைத்துவைத்த ஒரு சின்ன ஜன்னல், அடைத்துவிட்ட ஒரு பழைய கதவு. கிட்களில் பின்சுவர் பெரும்பாலும் மொட்டையாக வரும், கம்பெனிகளுக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது, வெறும் சுவர்தானே, இஷ்டத்துக்குச் செய்யலாம். 10 செ.மீ. விட்டமுள்ள மழைநீர்க் குழாய் எச்.ஓ.வில் 1.15 மி.மீ., ஆக 1.2 மி.மீ. ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) கம்பி சரியாக இருக்கும். குழாய் நேராக இறங்கி தரையைத் தொடும் இடத்தில் ஒரு ஈரக் கறை. ஏசி பெட்டிக்கு ஸ்டைரீன் துண்டு, அதற்குக் கீழே துருப்பிடித்த கோடு ஒன்று. பக்கத்துக் கட்டடத்தை இடித்துவிட்ட இடத்தில் அதன் கூரைச் சரிவு சுவரில் நிழல் மாதிரி தங்கியிருக்குமே, அதைச் செய்வதற்கு வேறு நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சும் மாஸ்கிங் டேப்பும் போதும். இந்த ஒரே ஒரு வேலை, நான் செய்த எந்த முகப்பைவிடவும் அதிகமாகக் கவனிக்கப்படுகிறது.

தண்டவாளம் ஊரை வெட்டிக்கொண்டு போகும் கோணமும் முக்கியம். தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்க, ரயில் மட்டும் குறுக்கே சாய்ந்து போனால் இரண்டுக்கும் நடுவே முக்கோண மனைகள் மிஞ்சும். அந்த முக்கோணத்துக்குள் திணித்துக் கட்டிய கட்டடம்தான் "ரயில் வந்தபிறகு இந்த ஊர் இப்படி ஆச்சு" என்று சொல்லாமல் சொல்லும். மேசை விளிம்புக்கு இணையாகத் தெரு போடுவதை நான் வெறுக்கிறேன். பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்துவிட்டாலே ஒரே பார்வையில் ஊர் முழுவதும் தெரிந்துபோகாமல், நடந்து நடந்து பார்க்க வேண்டியதாகிவிடும்.

மொட்டை மாடிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த வேலை இதுதான். கிட்டில் கூரைக்கு ஒரு வழவழப்பான கறுப்புத் தகடு தருவார்கள், அதை அப்படியே ஒட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. முதலில் நிறம். வெயிலில் கிடக்கிற எந்தக் கூரையும் கறுப்பாக இருக்காது, வெளுத்த சாம்பல், அதிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட சாம்பல். ஒரு கட்டடம் போன வருடம் தார் போட்டது, பக்கத்துக் கட்டடம் இருபது வருடமாகத் தொடாதது, இரண்டும் ஒரே நிறத்தில் எப்படி இருக்கும்? 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளை வெட்டி ஒட்டினால் சரளைக் கூரைக்கு நல்ல சொரசொரப்பு கிடைக்கும். தார்த்தாள் கூரைக்கு, மெல்லிய டிஷ்யூ தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி ஒட்டி, மேலே சாம்பல் வண்ணம். இணைப்புகளில் கொஞ்சம் அடர்த்தியாக ஒரு கோடு, ஒழுகிய இடத்தில் ஒட்டுப்போட்டது மாதிரி ஒரு சதுரம். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்துக்கும் வண்ணம் பூசுங்கள், பதினைந்தாவது மாடியில் நிற்கிற நம் கண்ணுக்கு வெளிப்பக்கத்தைவிட அதுதான் முதலில் தெரியும்.

அப்புறம் சாமான்கள். லிஃப்ட் அறை, மாடிக்கு வருகிற படியின் கூண்டு, தண்ணீர்த் தொட்டி, காற்றுப் போக்கிக் குழாய்கள், ஆன்டெனா, யாரோ விட்டுப்போன நாற்காலி. கிட் பாகங்களை வெட்டி எடுத்தபிறகு மிஞ்சுகிற சட்டத் துண்டுகளை நான் தூக்கிப் போடுவதேயில்லை, பாதிக்கு மேல் மொட்டை மாடிக்குத்தான் போகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாக் கூரையையும் நிரப்பாதீர்கள். நாலில் ஒன்றாவது காலியாக, ஒரு படிக் கூண்டும் கொஞ்சம் கறையும் மட்டுமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் ஓய்வெடுக்க இடமில்லாமல் போய்விடும்.

செங்கல் சுவர் பற்றியும் இதே தூரக் கணக்கில் யோசிக்கலாம். நாம் 60 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பது 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் செங்கலுக்கு நடுவே இருக்கிற சாந்துக் கோடு தனியாகத் தெரியாது, 10 மி.மீ. சாந்து எச்.ஓ.வில் 0.1 மி.மீ.தான், தலைமுடி தடிமன். ஆனால் பலர் வெள்ளைச் சாந்தை அப்பி ஒவ்வொரு செங்கலையும் எண்ணிப் பார்க்கும்படி செய்துவிடுகிறார்கள். வெளுத்த நிறத்தில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தை ஓடவிட்டு, மேல்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டால் போதும், செங்கலும் சாந்தும் கலந்து ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அதற்குமேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் கலந்த வாஷ், அதாவது நீர்க்கப் பூசுகிற பூச்சு, ஒன்று. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்த பிறகு இந்த வாஷ் போட்டால் சில வார்னிஷ்களில் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், பழைய சுவருக்கு வேண்டுமென்றே அதைச் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் முதலில் ஒரு உதவாத சுவரில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். வண்ணம் எதுவானாலும் டப்பாவில் இருக்கிறபடியே பூசாமல் கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளுக்க வைப்பது என் வழக்கம். சின்ன உருவத்தில் எல்லா நிறமும் ஒரு படி அடர்த்தியாகத்தான் தெரியும்.

தெருவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1 மி.மீ. ஸ்டைரீன் தகடோ பிளாஸ்டரோ எதுவானாலும் சரி, அளவு மட்டும் பிசகக் கூடாது. நடைபாதை விளிம்பு 15 செ.மீ. என்றால் 1.7 மி.மீ. தெருவில் போடுகிற வெள்ளைக் கோடு 10 செ.மீ. அகலம் என்றால் 1.15 மி.மீ.; மார்க்கர் பேனாவால் 3 மி.மீ.க்கு இழுத்தால் அது நிஜத்தில் 26 செ.மீ. பட்டை, விமான ஓடுதளத்துக்குப் பொருந்தும். ஒரு லேன் 3.3 மீட்டர் என்றால் 38 மி.மீ. தாரைக் கறுப்பாக்காதீர்கள், மேலே கூரைக்குச் சொன்னதேதான். மேன்ஹோல் மூடிகளும், குழி தோண்டி மூடிய ஒட்டுகளும் இருந்தால் தெரு உடனே வயசாகிவிடும்.

தெரு போய் முடிகிற இடம்தான் எல்லோரையும் படுத்துகிறது. பின்புலத் திரையில் மோதி நிற்கிற தெருவைப் பார்த்ததும் மாயம் கலைந்துவிடும். தெருவை வளைத்துவிடலாம், மேட்டில் ஏற்றி அந்தப் பக்கம் இறங்குவது மாதிரி விட்டுவிடலாம், அல்லது முடிவில் குறுக்கே ஒரு கட்டடத்தை நிறுத்திவிடலாம். முகம் பார்க்கிற கண்ணாடியும் வைக்கலாம். அமெரிக்க மாடல் ரயில் கலைஞர் ஜான் ஆலன் தன்னுடைய புகழ்பெற்ற எச்.ஓ. லேஅவுட்டில் கண்ணாடிகளை அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருந்தார். 1973-இல் அவர் இறந்த கொஞ்ச நாளிலேயே அந்த லேஅவுட்டும் தீயில் போய்விட்டது, படங்களில்தான் பார்க்க முடியும். கண்ணாடிக்கு விதி ரெண்டே ரெண்டு. மேல் விளிம்பு ஒரு பாலத்துக்கோ வளைவுக்கோ அடியில் மறைய வேண்டும், பார்க்கிறவர் முகம் அதில் எந்தக் கோணத்திலும் தெரியக்கூடாது. பக்கத்தில் பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம், எழுத்து இடவலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்னால் இருப்பதால் கண்ணாடித் தடிமன் ஒரு இடைவெளியாகத் தெரியும், முன்பக்கப் பூச்சுள்ளது கிடைத்தால் அதுதான் நல்லது.

பின்வரிசைக்கு முழுக் கட்டடம் தேவையேயில்லை. ஒரு கிட்டின் நாலு சுவர்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டினால் ஒரே கட்டடம் நாலு மடங்கு அகலமாகிவிடும், 3 செ.மீ. ஆழமிருந்தால் போதும், திரையோடு ஒட்டி நின்றுகொள்ளும். அதற்கும் பின்னால் 'என்' ஸ்கேல் கட்டடங்களை வைத்தால் தூரம் கூடும். ஆனால் எச்.ஓ.வுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாலமோ மர வரிசையோ வந்தே ஆகவேண்டும், அங்கே மனித உருவமோ காரோ வைக்கவே கூடாது, ஒரு கார் போதும் குட்டு வெளிப்பட. பின்புலத்தில் ரயில் நுழைகிற ஓட்டையை மறைக்கவும் நகரத்தில் ஒரு அருமையான வழி இருக்கிறது: ரயிலைக் கட்டடத்துக்குள்ளேயே விட்டுவிடுங்கள். நியூயார்க்கில் இப்போது ஹை லைன் பூங்காவாக இருக்கிற இடத்தில் 1934-இல் திறந்த உயர்மட்ட சரக்குப் பாதை, சில தொழிற்சாலைக் கட்டடங்களுக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. நிஜத்திலேயே அப்படி இருந்தது என்றால் நம்மை யார் கேட்கமுடியும்?

கட்டத் தொடங்கும் முன்னால் எல்லாவற்றையும் பழைய அட்டைப் பெட்டிகளில் வெட்டி நிறுத்திப் பாருங்கள். என்னுடையவை இன்னும் நிற்கின்றன என்று மேலே சொன்னேனே, சோம்பேறித்தனத்தால் அல்ல. ஃபோனைத் தெரு மட்டத்தில் வைத்து ஒரு படம், நிற்கிற உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எந்தக் கட்டடம் எதை மறைக்கிறது என்று தெரியும். மிக நீளமான பெட்டியை வளைவில் தள்ளிப் பார்த்து, அது சுவரில் இடிக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டு வரும், நேர் ட்ராக்கில் விட்ட இடைவெளி அங்கே போதாது. அட்டையைக் கசக்கி எறிவதற்கு மனசு வலிக்காது, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செங்கல் பூசிய கட்டடத்தை நகர்த்த வலிக்கும்.

விளக்கு. எல்லா ஜன்னலிலும் ஒரே வெளிச்சம் எரிந்தால் அது அலங்கார விளக்கு, நகரம் இல்லை. கட்டடத்துக்குள் கறுப்பு அட்டையால் அறை அறையாகத் தடுத்து, மூன்றில் ஒரு அறைக்கு மட்டும் எல்.ஈ.டி. கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் சுவர் வழியே வெளிச்சம் கசியும், அதனால் உட்பக்கம் முதலில் கறுப்பு, அதற்குமேல் வெள்ளை பூச வேண்டும். வீடுகளுக்கு மஞ்சள் கலந்த வெளிச்சம், அலுவலகங்களுக்குக் குளிர்ந்த வெள்ளை. 12 வோல்ட் சப்ளையில் 3 வோல்ட் எல்.ஈ.டி. ஒன்றுக்கு 5 மில்லியாம்பியர் விட்டால், மீதி 9 வோல்ட்டை 0.005-ஆல் வகுத்து 1,800 ஓம், அதாவது 1.8 கே ரெசிஸ்டர். மூன்றைத் தொடராகக் கோத்தால் கணக்குப்படி 600 ஓம், கடையில் கிடைக்கிற 680 ஓம் போதும். நான் இதைவிடவும் மங்கலாகத்தான் வைக்கிறேன். ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சியில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பகல் இரவாகி மீண்டும் விடியும்; அந்த இரவில் நன்றாகத் தெரிவது எரிகிற ஜன்னல்களைவிட எரியாதவைதான். (அங்கே எல்ப்ஃபில்ஹார்மோனி கச்சேரி அரங்கின் மாதிரி 2013-லேயே திறந்துவிட்டது, நிஜக் கட்டடம் திறந்தது 2017-இல். மாடல் கட்டுகிறவர்கள் நிஜக் கட்டடக்காரர்களை முந்திய சம்பவம், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.)

ஆட்களை ஒரே சீராகத் தூவாதீர்கள். டிராம் நிறுத்தத்தில் ஏழு பேர், எதிர்ப்பக்கம் யாருமில்லை, அதுதான் நிஜம். ஓடுகிற, குதிக்கிற உருவங்களைத் தவிர்த்துவிடுங்கள், ரயில் நகரும்போது அவர்கள் காலைத் தூக்கியபடியே நிற்பார்கள். கார்களும் அப்படித்தான், நிறுத்தியவை, சிக்னலில் காத்திருப்பவை, சரக்கு இறக்குபவை. லேஅவுட்டின் வருடத்தை முடிவுசெய்வது எஞ்சின் இல்லை, அங்கே இருக்கிற ஆகப் புதிய பொருள். ஆயிரம் பழைய விஷயங்களுக்கு நடுவே ஒரு புது மாடல் கார் நின்றால் வருடம் அந்தக் காருடையதுதான். பாடகர் ராட் ஸ்டூவர்ட் பல வருடங்களாகக் கட்டிய பெரிய எச்.ஓ. நகரம் 1940-களைச் சேர்ந்தது. கச்சேரிப் பயணங்களில் ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்து கட்டடங்களைச் செய்தாராம். அதன் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது காலம் தப்பிய ஏதாவது ஒரு பொருள், இதுவரை சிக்கவில்லை.

பராமரிப்பை முன்னாலேயே யோசித்தால்தான் நல்லது. கை எட்டுவது சுமார் 75 செ.மீ. அதற்கு அப்பால் தடம் புரண்டால் போச்சு. நான் கட்டடங்களைத் தனித்தனியாக மேசையில் ஒட்டவில்லை, ஒரு தெருப் பகுதி முழுவதையும் ஒரே பலகைமேல் கட்டி, அடியில் ரெண்டு ஆணி முளையும் விளக்குக்கு ஒரு பிளக்கும் வைத்துவிட்டேன். தூக்கினால் நடைபாதையோடு கையில் வரும், கூரை வேலையையும் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யலாம். பலகைகள் சேரும் கோடு எப்போதும் நடைபாதை விளிம்பில் வரட்டும், அங்கே நிஜத்திலும் ஒரு கோடு இருக்கும். தூசுக்கு மென்மையான மேக்கப் பிரஷ்தான் நல்லது. வாக்யூம் போட்டால் அதன் வாயில் நைலான் காலுறையைக் கட்டிக்கொள்ளுங்கள், பிய்ந்துவருகிற ஏசி பெட்டியும் ஆட்களும் துணியிலேயே தங்கிவிடுவார்கள்.

அடுத்து டிராமுக்கு மேலே மின்சார வயர் இழுக்கிற வேலை இருக்கிறது. நிஜ வயர் சுமார் 12 மி.மீ. தடிமன், எச்.ஓ.வில் 0.14 மி.மீ., அதை இழுத்துக் கட்டினால் முதல் தூசு துடைப்பிலேயே அறுந்துவிடும், ஆகவே 0.3 வெண்கலக் கம்பி என்று முடிவு செய்துவிட்டேன். கம்பத்துக்கு 2 மி.மீ. பித்தளைக் குழாயா 1.5-ஆ என்பதுதான் பாக்கி. 2 என்றால் நிஜத்தில் 17 செ.மீ., அளவுக்கு அதுதான் சரி, ஆனால் நடைபாதையில் வரிசையாக நிறுத்தினால் கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியுமோ என்று சந்தேகம். இரண்டிலும் ரெண்டு ரெண்டு வெட்டி அட்டைத் தெருவில் நட்டு வைத்திருக்கிறேன்.